மணி 12.28: எல்.சி. ரிட்டர்ன்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. "நோன்பு வச்சுக்கிட்டு உச்சி வெயில்ல அலைஞ்சா பேய் என்ன, பெருநாள் பிறையே பட்டப்பகல்ல தெரியும்" என்று என் மனைவி ஹாஃபிஸா சொல்லிச் சிரித்தாள். ஒரு வருடம் கழித்து அவள் இந்தக் கதைக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று எதிர்பார்க்கிறவர்களும் மன்னிக்க வேண்டும். நான் கேட்டது பட்டப்பகலில். மணி பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு. கையில் கடிகாரம், மேசையில் மீட்டர், எதிரில் சாட்சி... எல்லாம் இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் சாதிக் பாட்சா. விருதுநகர்க்காரன். அத்தாவுக்கு மல்லி, வத்தல் கமிஷன் கடை. நான் கடையில் உட்காராமல் டிப்ளமோ படித்து, டிஷ் ஆன்டெனா மாட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அத்தா, "ஆகாசத்துக்குப் போன் போட்டுக் குடுக்கான்" என்பார். கிண்டல்தான். ஆனால் என் வேலை அதேதான்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால், முதலில் அந்தப் பக்கம் போகும் லைனில் கரண்டை நிறுத்த வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இருந்தால் தீயணைக்க வந்தவனும் சாவான். அந்த நேரம் பார்த்து டெலிபோன் கம்பியும் அறுந்து கிடக்கும். அதனால் சில துணை மின் நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். கூரையில் ஒரு டிஷ். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு போன். எந்த லைனில் எவ்வளவு லோடு ஓடுகிறது என்பதைத் தூரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கம்பியே தேவையில்லை.

மேலக்கரிசல்பட்டி நிலையத்துக்கு டிஷ் மாட்டியது நான்தான். அங்கே ஆபரேட்டர் தனுஷ்கோடி அண்ணாச்சி. ஐம்பத்தாறு வயது. வெற்றிலை வாய், நல்ல மனுஷன். ஆனால் அந்தச் சிவப்பு போன் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"என்ன பாய் இது, ஹலோன்னா பதிலையே காணோம். கிணத்துக்குள்ள கல்லைப் போட்டுட்டு சத்தத்துக்குக் காத்திருக்க மாதிரியில்ல இருக்கு!"

குரல் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய், அம்புட்டு தூரம் திரும்பி வர வேண்டும். பதிலும் அதே போல. அரை நொடிக்கு மேல் ஆகும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? "பேசி முடிச்சதும் மனசுக்குள்ள 'ஒண்ணு'ன்னு எண்ணுங்க அண்ணாச்சி. பதில் வந்துரும்" என்றேன். மனுஷன் வாய்விட்டே எண்ண ஆரம்பித்தார். "ஹலோ... ஒண்ணு." "லோடு எவ்வளவு... ஒண்ணு." எதிர்முனைக்காரர்கள் சிரிப்பார்கள். கடைசியில் பொஞ்சாதியிடம் பேசும்போதும் "சாப்பாடு ஆச்சா... ஒண்ணு" என்று எண்ணுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் நான் ஏன் பயந்தேன் என்பதே புரியாது.

ஒன்று, சூரியன். வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். எதிரே லாரி ஹெட்லைட் போட்டு வந்தால் பக்கத்தில் வரும் சைக்கிள்காரன் தெரியமாட்டான் இல்லையா, அது மாதிரி. சூரியனின் இரைச்சலில் டிஷ் செவிடாகிவிடும். எங்கள் பக்கம் அது உச்சி வேளையில் வரும். 12.24க்குப் போனால் 12.33க்குத்தான் லிங்க் திரும்பும். அந்த ஒன்பது நிமிடம் சிவப்பு போன் செத்த போன். கூப்பிடவும் முடியாது, கூப்பிட்டாலும் வராது.

இரண்டு, எல்.சி. 'லைன் கிளியர்' என்பார்கள். கம்பத்தில் ஏறப்போகும் லைன்மேன், ஆபரேட்டரிடம் எழுதி வாங்கும் அனுமதி அது. ஆபரேட்டர் கரண்டை நிறுத்துவார், லைனை எர்த்தில் கட்டுவார், சிவப்புப் பலகை மாட்டுவார், ரிஜிஸ்டரில் ஒரு நம்பர் போட்டுக் கொடுப்பார். வேலை முடிந்ததும் எல்.சி. திரும்பி வர வேண்டும். யார் பெயர், எந்த நம்பர், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள்... அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு 'எல்.சி. ரிட்டர்ன்' என்று பெயர். ரிட்டர்ன் வராமல் கலெக்டரே வந்து கேட்டாலும் லைனைப் போடக் கூடாது. ஏனென்றால் அந்தத் துண்டுச் சீட்டில் இருப்பது ஒருவனுடைய உயிர்.

2006, செப்டம்பர் 27. புதன்கிழமை. மூன்றாவது நோன்பு.

சூரியன் பிரச்சினையால் லிங்க் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து பார்க்க வந்திருந்தேன். காலை 10.05க்கு ஆண்டிச்சாமி வந்தான். இளவட்டம், லைன்மேன். எங்கள் நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே போகும் லைனில் இன்சுலேட்டர் மாற்ற வேண்டும். ஐந்து பேர் ஏறுகிறார்கள். எல்.சி. நம்பர் 112. வேலை அந்தப் பக்கம் என்பதால், முடிந்ததும் அடுத்த நிலையத்து ஆபரேட்டர் ராஜபாண்டியனிடம் போய்ச் சொல்வார்கள். ராஜபாண்டியன் சிவப்பு போனில் எங்களுக்குச் சொல்வார்.

"பாய், டீ சாப்பிடுறீகளா?" என்று கேட்டவன், நோன்பு என்றதும் கையிலிருந்த டம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஏலே, நீ குடி. நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றேன்.

"வேண்டாம் பாய். சாயங்காலம் சேர்ந்து குடிப்போம். நாளைக்கு என் வீட்டுல வளைகாப்பு. நீங்களும் மதினியும் கண்டிப்பா வரணும். இனிமே போய்த்தான் வளையல் எடுக்கணும்."

தனுஷ்கோடி அண்ணாச்சி சீட்டை நீட்டினார். "ஒரு மணிக்குள்ள இறங்கிருலே. சீசன் நேரம். அச்சாபீஸ்காரன் ஒவ்வொருத்தனும் என் உசிரை வாங்குவான்."

"இறங்கிருவோம்ணே" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் கிளம்பினான்.

பதினொன்றரைக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ரோடு தோண்டியதில் டெலிபோன் கேபிள் அறுந்து லேண்ட்லைன் வேறு செத்திருந்தது. அந்தப் பக்கம் அப்போது செல் டவரும் இல்லை. அதனால் நேரிலேயே வந்து கத்தினார்கள். தீபாவளிக்கு மூன்றரை வாரம். லேபிள் அடிக்க வேண்டும், பெட்டி அடிக்க வேண்டும், ஆர்டர் நிற்கிறது. அண்ணாச்சி எல்லோரையும் சமாளித்து அனுப்பினார். ஆனால் அவர் அன்று சரியில்லை. வெற்றிலை போடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்குத் தேதி இருபத்தேழுதான பாய்?"

"ஆமா."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

12.24. பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. கணக்குப்படி லிங்க் போய்விட்டது. நான் நோட்டில் நேரத்தைக் குறித்தேன். என் டெஸ்ட் போனைச் சிவப்பு போனின் வயரில் கிளிப் போட்டுக் காதில் வைத்தேன். வெறும் அமைதி. டயல் சத்தம்கூட இல்லை. வெளியே காற்று நின்றிருந்தது. யார்டில் கருங்கல் ஜல்லி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்ம்' சத்தம் மட்டும் கேட்டது.

12.28.

டிர்ர்ர்ங்... டிர்ர்ர்ங்...

சிவப்பு போன்.

நான் பச்சை விளக்கைப் பார்த்தேன். அது எரியவில்லை.

பெட்டியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அண்ணாச்சி போனை எடுத்துவிட்டார். என் டெஸ்ட் போனிலும் எல்லாம் கேட்டது.

"ஹலோ, மேலக்கரிசல்பட்டி... ஒண்ணு..."

அவர் 'ஒண்ணு' சொல்வதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"எல்.சி. ரிட்டர்ன்."

ஆண் குரல். நடுவயது. ரொம்பத் தெளிவு. இரைச்சல் இல்லை, இழுவை இல்லை.

"யாரு பேசுறது? ராஜபாண்டியனா? ஆள்..."

"ஆள் இறங்கியாச்சு."

அண்ணாச்சி கேட்டு முடிக்கவில்லை. பதில் மேலே விழுந்தது. அரை நொடி இல்லை. கால் நொடி இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி...

"எத்தனை பேரு?" அண்ணாச்சியின் குரல் உடைந்தது.

"ஒரு ஆள். லைனைப் போட்டுக்கிடுங்க."

டொக். போன் வைக்கும் சத்தம்.

ஒரு ஆளா? ஏறியது ஐந்து பேர் அல்லவா?

நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய யார்டுச் சாவியை எடுத்தார். வெயிலில் இறங்கினார்.

"அண்ணாச்சி... நம்பர் கேக்கலையே நீங்க?"

அவர் யார்டுக் கேட்டைத் திறந்தார்.

"அண்ணாச்சி! லிங்க் இல்ல. இந்த போன் அடிக்கவே முடியாது!"

12.29. சிவப்புப் பலகையைக் கழற்றினார். ஜல்லியில் போட்டார்.

நான் கம்பெனி ஆள். யார்டுக்குள் கால் வைக்க எனக்கு அனுமதி கிடையாது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். தொண்டை வறண்டு பாதிக் குரல்தான் வந்தது.

12.30. எர்த் சுவிட்சைத் திறந்தார்... க்ளாங்.

அவர் நடை அவர் நடையே இல்லை. தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி. கண் மட்டும் அழுதுகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

12.31. லைனைச் சேர்க்கும் பெரிய கைப்பிடியைத் தள்ளினார்... கடகடகட... க்ளாங்.

இனி ஒன்றுதான் பாக்கி. உள்ளே வந்து பேனலில் பிரேக்கர் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் லைனில் கரண்ட். மேலே ஐந்து பேர். அதில் ஒருவன் நாளைக்குத் தன் பெண்டாட்டிக்கு வளையல் போட வேண்டியவன்.

யா அல்லாஹ்...

நான் ஓடினேன். பேனலுக்கு அவருக்கு முன்னால் போனேன். சாவி துவாரத்திலேயே இருந்தது. பிடுங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐம்பத்தாறு வயதுக் கை இல்லை அது. இரும்பு.

அந்தக் கை... சில்லென்று இருந்தது.

அந்த வெயிலில்.

"விடுங்க அண்ணாச்சி! ஆண்டிச்சாமி மேல இருக்கான்!"

அவர் உதடு அசைந்தது. "ஆள் இறங்கியாச்சு..." என்றார்.

அது அவர் குரல் இல்லை.

போனில் கேட்ட குரல்.

கடித்தேனா, உதைத்தேனா, தெரியாது. கையை விடுவித்து, சாவியை ஜன்னல் வழியாக வீசினேன். எங்கோ ஜல்லியில் விழுந்து 'கிளிங்' என்றது.

12.33.

பச்சை விளக்கு எரிந்தது.

டிர்ர்ர்ங்...

நான்தான் எடுத்தேன். எடுத்த வேகத்தில் போன் பல்லில் இடித்தது. "ஹலோ..." ஒண்ணு. "ஹலோ, ராஜபாண்டியன் பேசுறேன்." அந்த அரை நொடி இடைவெளி! அது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ராஜபாண்டியண்ணே, நீங்க இப்ப ரிட்டர்ன் சொன்னீகளா?"

"ரிட்டர்னா? இங்கயும் லிங்க் இல்லாமல்ல இருந்துச்சு. ஆண்டிச்சாமி இன்னும் மேலதான் நிக்கான். வேலை முடிய அரை மணி ஆகும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி பேனலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். சிறு பிள்ளை மாதிரி அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, தானே எழுந்து போய்க் கைப்பிடியைப் பழையபடி இழுத்தார், எர்த்தை மறுபடி கட்டினார். பலகையை எடுத்து மாட்டினார். இருவரும் ஜல்லியில் தவழ்ந்து சாவியைத் தேடி எடுத்தோம். 1.10க்கு உண்மையான ரிட்டர்ன் வந்தது. பெயர் ஆண்டிச்சாமி. நம்பர் 112. ஏறியது ஐந்து, இறங்கியது ஐந்து. எல்லாம் ஒத்துப்போனது.

அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அது சீனிவாசகம் குரல் பாய்."

"யாரு சீனிவாசகம்?"

"லைன்மேன். தொண்ணூத்தேழுல, இதே தேதி, இதே லைனு. ஒத்தை ஆளா ஏறியிருந்தாரு. பன்னெண்டு இருபத்தெட்டுக்குப் போன் வந்துச்சு. ஆள் இறங்கியாச்சு, லைனைப் போட்டுக்கிடுங்கன்னான். சீசன் நேரம். காலையில இருந்து ஆளாளுக்கு ஏசினதுல எனக்கு மண்டை காஞ்சு கிடந்துச்சு. நம்பர் கேக்கல பாய். போட்டுட்டேன்."

"யாரு பேசினது?"

"கரண்டுக்கு அவசரப்பட்ட எவனோ ஒரு அச்சாபீஸ்காரன். இன்னைக்கு வரை தெரியாது. சீனிவாசகம் கம்பத்துலயே..." அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"விசாரணை வந்துச்சு. எனக்கு மூணு பொட்டப்புள்ள. வேலை போயிரும்னு பயந்துட்டேன். ரிஜிஸ்டர்ல நானே எழுதினேன். ரிட்டர்ன் சொன்னவர் சீனிவாசகம், மணி 12.28, ஆள் ஒண்ணுன்னு. ரிட்டர்ன் சொல்லிட்டு அவரே புத்தி கெட்டு மறுபடி ஏறிட்டாருன்னு சாட்சி சொன்னேன். தப்பு செத்தவர் தலையில விழுந்துச்சு. குடிகாரன்னுகூட எழுதினாக. அவர் சம்சாரம் ராமுத்தாய் ஆபீஸ் வாசல்ல மண்ணை வாரித் தூத்துச்சு." அவர் என்னைப் பார்த்தார். "உசிரோட இருக்கையில அவர் சொல்லாத சொல்லு பாய் அது. நான்தான் அவர் வாயில வச்சேன். இப்ப அவரே சொல்லுதாரு."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தையும் தாண்டிக் கோபம். "அடப்பாவி மனுஷா, அந்தம்மாகிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்க. எழுதிக் குடுங்க. இல்லாட்டி அடுத்த வருசம் இன்னொருத்தன் சாவான்" என்றேன்.

"சொல்லுதேன் பாய். சத்தியமா சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து அழைப்புப் பதிவை எடுத்துப் பார்த்தேன். 12.28க்கு ஓர் அழைப்பு இருந்தது. இருபத்திரண்டு நொடி. அழைத்தது: மேலக்கரிசல்பட்டி. எடுத்தது: மேலக்கரிசல்பட்டி. அந்த நிலையத்தில் சிவப்பு போன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அரை நொடி ஏன் இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. அந்தக் குரல் வானத்துக்குப் போகவே இல்லை. பேசியவர் அந்த அறையிலேயே இருந்திருக்கிறார்.

மறுநாள் வளைகாப்புக்கு ஹாஃபிஸாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நோன்பு என்பதால் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஆண்டிச்சாமி சிரித்துக்கொண்டே நின்றான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணாச்சி சொன்னாரா? இல்லை. பொங்கல் போகட்டும் என்றார். கடைசி மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். ரிட்டயர் ஆகி, பென்ஷன் கையில் வரட்டும் என்றார். நானும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். என் தப்புதான். எனக்கும் தெரியும், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

2007, செப்டம்பர் 27. வியாழக்கிழமை. அந்த வருடமும் நோன்பு மாதம்தான்.

அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு இருக்கன்குடிக்குப் போய்விட்டார். போன் சத்தமே கேட்காத இடத்தில், மாரியம்மன் காலடியில் இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நான் நிலையத்துக்குப் போனேன். பணியில் இருந்தது சொர்ணலட்சுமி என்ற புது ஆபரேட்டர். அன்றைக்கு எந்த லைனிலும் எல்.சி. கொடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். "ஏன் சார்?" என்றார். "சூரியன் பிரச்சினை" என்றேன். அது பொய்யும் இல்லை.

12.24. பச்சை விளக்கு அணைந்தது.

12.28.

டிர்ர்ர்ங்...

சொர்ணலட்சுமி கையை நீட்டினார். நான் தடுத்து, நானே எடுத்தேன்.

"எல்.சி. ரிட்டர்ன். ஆள் இறங்கியாச்சு."

அதே குரல். அதே தெளிவு. என் பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. கேட்டேன்.

"எத்தனை... எத்தனை பேரு?"

"ரெண்டு ஆள்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

அப்புறம்... அந்தக் குரலுக்குப் பக்கத்திலிருந்து... இன்னொரு குரல். மெல்ல. வயதான குரல்.

"...ஒண்ணு..."

டொக்.

1.15க்கு என் செல்லுக்கு ஆண்டிச்சாமி பேசினான். பத்து மாதப் பெண் குழந்தைக்கு முடியிறக்க அவனும் குடும்பத்தோடு அன்றைக்கு இருக்கன்குடி போயிருந்தான். தனுஷ்கோடி அண்ணாச்சி ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தவர், பன்னிரண்டரை வாக்கில் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு என்றார் டாக்டர்.

"ஆனா பாய்..." ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தினான். "தூக்கும்போது நான் பார்த்தேன். ரெண்டு உள்ளங்கையும் கரிஞ்சு கிடந்துச்சு. கம்பத்துல கரண்ட் அடிச்சவன் கை அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும். ஆனா அங்கன சுத்துவட்டாரத்துல கரண்டுக் கம்பியே இல்ல பாய். வீட்டுல பயந்துருவாகன்னு துணியைச் சுத்திட்டேன். யாருக்கிட்டயும் சொல்லாதீக."

நான் சொல்லவில்லை. ஹாஃபிஸாவிடம்கூட.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பழைய ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, சீனிவாசகத்தின் வீடு இருந்த விஸ்வநத்தத்துக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை. ஹாஃபிஸாவையும் அழைத்துப் போனேன்.

ராமுத்தாய் அம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். முன்னால் சின்ன முற்றம், அதற்கு அப்பால் தகரக் கேட். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பேசியது அவர் புருஷன் இல்லை, யாரோ ஒருவன். ரிஜிஸ்டரில் எழுதியது தனுஷ்கோடி. உங்கள் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் நான் சொல்கிறேன்.

அந்தம்மா அழவில்லை. ஜெராக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பசைக் கையைச் சேலையில் துடைத்தார்.

"எழுதினவரு ஒசரமா இருப்பாரா தம்பி? முன் மண்டை வழுக்கையா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"முன்னப் பின்ன பார்த்ததில்ல. வியாழக்கிழமை வந்தாக. உச்சி நேரம். அந்தா அந்தக் கேட்டுக்கிட்ட. எங்க வீட்டுக்காரரு முன்னால நின்னாரு. அதே காக்கிச் சட்டை. பத்து வருசம் கழிச்சுப் பார்க்கேன், அம்புட்டு வெயில்லயும் ஒரு பொட்டு வேர்வை இல்ல. அவருக்குப் பின்னால இந்தப் பெரியவரு."

ஹாஃபிஸா என் சட்டையைப் பிடித்தாள்.

"வீட்டுக்காரரு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அம்புட்டுத்தான், போயிட்டாரு. பெரியவரு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாரு. உள்ளங்கை ரெண்டும் கரிக்கட்டையா இருந்துச்சு தம்பி. என்னை மன்னிச்சிருங்கம்மான்னாரு. சொல்லிட்டு, 'ஒண்ணு'ன்னு எண்ணிக்கிட்டு என் மூஞ்சியவே பார்த்தாரு. பதிலுக்குக் காத்திருக்க மாதிரி."

மெல்லக் கேட்டேன். "நீங்க... என்னம்மா சொன்னீக?"

அந்தம்மா அடுத்த பெட்டியை எடுத்துப் பசை தடவினார்.

"நான் இன்னும் பதில் சொல்லல. அதான் அங்கனயே நிக்காரு."

மணி பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தெட்டு.

கேட் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஆனால் வெளியே போக வேறு வழி இல்லை. எழுந்தோம். நான் தலையைக் குனிந்து, என் செருப்பை மட்டும் பார்த்தபடி நடந்தேன். கேட்டைத் தாண்டும்வரை ஒரு தடவைகூட நிமிரவில்லை.

ஹாஃபிஸா நிமிர்ந்து பார்த்துவிட்டாள். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் தெருவுக்கு வந்து நான் திரும்பியபோது, எனக்கு ஆளே தெரியாத அந்த வாசலில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சுவரோரம் ஒதுங்கித்தான் அவள் வெளியே வந்தாள்.